ஐபி என்ற கட்டத்தில் ஒரு பெயர்

புக்கிட் காத்திலில் எங்கள் தாமானில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "பையனுக்கு கம்ப்யூட்டர் வேலை" என்பதோடு அம்மா முடித்துக்கொள்வார். அதற்கு மேல் கேட்டால், "அது மேகத்துல ஏதோ செய்றானாம்" என்று சிரிப்பார். இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி தங்கைகளும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணா, நீங்கள் செய்யும் வேலையைப் பற்றி, இலக்கியத் துறை மாணவர்களுக்கும் புரிவது போல எழுதுங்கள்."

ஆகவே என் வேலையில் ஒரே ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மேகக் கணிமையில் 'லோட் பேலன்சர்' என்று ஒன்று உண்டு. அதன் விவரங்களை ஒரு நிரல் நூலகம் எப்படிக் குறித்து வைக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். தலைப்பைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே. இதில் என் தாத்தாவும் வருகிறார்.

தோட்டத்துப் பழக்கம் உள்ளவர்களுக்கு லோட் பேலன்சரை விளக்குவது எளிது. விடிவதற்கு முன்பே நடக்கும் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கங்காணி ஒவ்வொருவராகப் பார்ப்பார். வந்தவர் யார், காய்ச்சலில் படுத்தவர் யார் என்று கணக்கெடுத்து, வராதவரின் மரங்களை வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அன்றைய பால் அன்றைக்கே வந்தாக வேண்டும். எந்த நிரையை யார் வெட்டினார் என்பது பெரிய துரைக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

கணினி உலகிலும் இதே கதைதான். எஸ்.பி.எம். தேர்வு முடிவு நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓர் இணையத்தளத்தைத் திறக்கிறார்கள். ஒரு வழங்கியால் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல முடியாது. ஆகவே பல வழங்கிகளை நிறுத்தி, அவற்றுக்கு முன்னால் ஒரு லோட் பேலன்சரை வைக்கிறோம். தமிழில் சுமைப் பகிர்வி எனலாம். வருகிற கோரிக்கைகளை அது பிரித்து அனுப்புகிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வழங்கியையும் 'இருக்கிறாயா?' என்று கேட்கிறது. பதில் வராத வழங்கிக்கு வேலை கொடுப்பதில்லை. பிரிக்கும் முறைகளும் பல. வரிசையாக ஆளுக்கு ஒன்று என்பது 'ரவுண்ட் ராபின்'. யாரிடம் வேலை குறைவாக இருக்கிறதோ அவரிடம் கொடுப்பது இன்னொரு முறை. வலுவான வழங்கிக்குக் கூடுதல் எடை போட்டுக் கொடுப்பது மற்றொன்று.

முன்பெல்லாம் இதற்கென்று தனிக் கருவி வாங்கி அறையில் வைப்பார்கள். 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் வழங்கிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2009 மே மாதத்தில் லோட் பேலன்சரையும் அப்படியே வாடகைக்குக் கொடுத்தது. ராக்ஸ்பேஸ் போன்ற மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு மொழி. ஒன்று எக்ஸ்எம்எல் வடிவில் பதில் சொல்லும், இன்னொன்று ஜேசன் வடிவில் சொல்லும். ஒரு நிறுவனத்துக்காக எழுதிய நிரலை மற்றொன்றுக்கு மாற்றுவது வீட்டை இடித்துக் கட்டுவதற்குச் சமம்.

அந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தவற்றில் ஒன்று 'லிப்கிளவுட்' என்ற நூலகம். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த கிளவுட்கிக் என்ற சிறு நிறுவனத்தில் 2009இல் தொடங்கி, அதே ஆண்டின் இறுதியில் அப்பாச்சி அறக்கட்டளையின் வளர்ப்புப் பிரிவில் சேர்ந்தது. 2011 மே மாதம் அதன் முழுநிலைத் திட்டங்களில் ஒன்றானது. லோட் பேலன்சர்களுக்கான பகுதி அதே ஆண்டில் சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு 'டிரைவர்' எழுதப்பட்டிருக்கும். நிறுவனத்தின் மொழியை அது நூலகத்தின் பொதுமொழிக்கு மாற்றித் தரும். நாம் பொதுமொழியில் மட்டும் பேசினால் போதும்.

அந்தப் பொதுமொழியில் ஒரு லோட் பேலன்சர் என்பது என்ன? ஏழே கட்டங்கள். ஐடி என்ற அடையாள எண், பெயர், நிலை, ஐபி முகவரி, போர்ட் எண், எந்த டிரைவரிலிருந்து வந்தது என்ற குறிப்பு, கடைசியாக 'எக்ஸ்ட்ரா' என்ற கட்டம். மற்ற ஆறில் அடங்காத எல்லாம் அந்த ஏழாவதில் போய் விழும்.

பார்ப்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் டிரைவர்களைத் திறந்து படித்தால், உலகம் இந்த ஏழு கட்டங்களுக்குள் எவ்வளவு நெளிந்து வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும்.

முதலில் ஐடியும் பெயரும். பெயர் மாறலாம், ஐடி மாறக்கூடாது என்பது பொது விதி. எங்கள் ஊரே இதற்கு உதாரணம். 2013 பொதுத் தேர்தல் வரை எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் புக்கிட் காத்தில். 2018இல் அது ஹங் துவா ஜெயா என்று பெயர் மாறியது. ஆனால் பி.137 என்ற எண் மாறவில்லை. (சட்டமன்றத் தொகுதியின் பெயராகப் புக்கிட் காத்தில் இன்றும் இருக்கிறது என்பது எங்களுக்கு ஓர் ஆறுதல்.) ராக்ஸ்பேஸ் தன் லோட் பேலன்சர்களுக்குத் தனியே எண் கொடுத்தது. அமேசானின் பழைய வகை லோட் பேலன்சருக்கோ பெயர்தான் அடையாளம், வேறு எண் கிடையாது. ஆகவே லிப்கிளவுட்டில் அதற்கான டிரைவர் ஐடி கட்டத்திலும் பெயரை எழுதுகிறது, பெயர் கட்டத்திலும் அதே பெயரை எழுதுகிறது.

அடுத்து ஐபி. இங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. ஐபி என்பது எண்களாலான முகவரி. ராக்ஸ்பேஸில் ஒரு லோட் பேலன்சருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் இருக்கலாம். டிரைவர் முதலாவதை ஐபி கட்டத்தில் எழுதி, முழுப் பட்டியலை எக்ஸ்ட்ராவில் போடுகிறது. அமேசானின் பழைய வகையோ நிலையான எண் முகவரியைத் தருவதே இல்லை. கூட்டம் கூடினால் அது தானே பெருத்துக்கொள்ளும், குறைந்தால் சுருங்கும். அப்படி மாறும்போது எண்களும் மாறும். ஆகவே ஒரு நீண்ட டிஎன்எஸ் பெயரை மட்டும் தந்து, 'இந்தப் பெயரைக் கேட்டு வாருங்கள், அந்த நேரத்துக்கு உரிய எண்ணைச் சொல்கிறேன்' என்கிறது. அந்தப் பதிலை நம்பி வைத்திருக்கும் காலம் 60 நொடி மட்டுமே. டிரைவர் எழுதியவர் என்ன செய்வார்? ஐபி என்ற கட்டத்தில் அந்தப் பெயரை எழுதிவிட்டார். கட்டத்தின் தலைப்பு ஒன்று சொல்கிறது, உள்ளே இருப்பது வேறு.

நிலை என்ற கட்டத்துக்கு வருவோம். ஓடுகிறது, தயாராகிறது, பிழை, நீக்கப்பட்டது, தெரியாது என்று சில மதிப்புகள் உண்டு. அமேசானின் பழைய வகை தன் நிலையைத் தன் பதிலில் சொல்வதில்லை. டிரைவர் அங்கே எழுதுவது 'தெரியாது'. எல்லாமே 'ஓடுகிறது' என்று அழகாக எழுதியிருக்கலாம், பார்ப்பவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அந்த நிரலாளரை எனக்குப் பிடிக்கும்.

'சரி அண்ணா, ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதில் பெயர் இருந்தால் என்ன கெட்டுப்போகும்?' என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சித் தளம் நடத்தினார்கள். தமிழ்மொழி, இலக்கியம், வரலாறு என்று பழைய வினாக்களைத் தொகுத்துப் போட்டிருந்தார்கள். அதைக் கட்டிய தம்பி கெட்டிக்காரன். லிப்கிளவுட்டைப் பயன்படுத்தி, லோட் பேலன்சரின் ஐபி கட்டத்தைப் படித்து, ஒவ்வொரு பள்ளிக்கும் 'எங்கள் முகவரி இதுதான்' என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கும்படி நிரல் எழுதியிருந்தான். காரணம், சில பள்ளிக் கணினிக் கூடங்களில் அனுமதிப் பட்டியலில் உள்ள எண் முகவரிகளை மட்டுமே திறக்க முடியும். தளம் முதலில் இருந்த நிறுவனத்தில் அந்தக் கட்டத்தில் எண் இருந்தது. எல்லாம் சரியாக ஓடியது.

2018இல் செலவைக் குறைக்கத் தளத்தை அமேசானுக்கு மாற்றினார்கள். நூலகம் வாக்குக் கொடுத்தபடி நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தாள் அச்சாகி வந்தது. எண் இருந்த இடத்தில் ஒரு நீளமான பெயர். ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தைப் பராமரித்த ஒப்பந்ததாரரின் படிவமோ எண்ணை மட்டுமே ஏற்கும். அந்தப் பணியாளர் அன்றைக்கு அந்தப் பெயர் காட்டிய எண்ணைத் தேடி எடுத்துப் பட்டியலில் எழுதிவிட்டார். சில வாரம் தளம் திறந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, முழு மாதிரித் தேர்வுக்கென்று பிள்ளைகளை வரவழைத்திருந்தார்கள். சிலர் தோட்டப்புறத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். தளம் திறக்கவில்லை. இரவோடு இரவாக எண் மாறியிருந்தது.

என்னை அழைத்தபோது மணி ஒன்பதரை. வழங்கிகள் எல்லாம் நலமாக இருந்தன. என் கைப்பேசியில் தளம் உடனே திறந்தது. பள்ளியில் மட்டும் இல்லை. டீச்சர் ஒருவர் தன் கைப்பேசியை இணைய இணைப்பாக்கி நான்கு கணினிகளை ஓட்ட, மற்ற பிள்ளைகள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். வேனுக்கு நேரமாகிவிட்டதால் பாதிப் பேர் எழுதாமலே திரும்பினார்கள். அந்தத் தேர்வை மறுபடி நடத்த அவர்களுக்கு வேறு சனிக்கிழமை கிடைக்கவில்லை.

தீர்வு இருந்தது. 2017 செப்டம்பரில் அமேசான் 'நெட்வொர்க் லோட் பேலன்சர்' என்ற வேறு வகையை அறிமுகப்படுத்தியிருந்தது. அதற்கு ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒன்று என நிலையான எண் முகவரியை ஒதுக்கலாம். சிங்கப்பூர் வட்டாரத்தில் இரண்டு மண்டலங்களில் அமைத்து, இரண்டு எண்களைப் பள்ளிக்குக் கொடுத்தோம். (மலேசியாவிலேயே அமேசானின் வட்டாரம் வந்தது 2024 ஆகஸ்டில்தான்.) அதன் பிறகு தடங்கல் இல்லை. தம்பி மட்டும் வருத்தத்தோடு கேட்டான். "அண்ணா, ஐபி என்று போட்டிருந்தால் ஐபி என்றுதானே நம்புவோம்?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிரைவர் எழுதியவர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. பொதுக் கட்டங்களை வகுத்த காலத்தில், கண்முன் இருந்த லோட் பேலன்சர்களில் பெரும்பாலானவற்றுக்கு எண் முகவரி இருந்திருக்கும். பிறகு வந்து சேர்ந்தது அந்த வடிவத்தில் அடங்கவில்லை. கட்டத்தை மாற்றினால் அதை நம்பி எழுதிய எல்லா நிரல்களும் உடையும். காலியாக விட்டால் லோட் பேலன்சரை அடைய வழியே தெரியாது. ஆகவே இருக்கிற கட்டத்தில் இருக்கிற உண்மையை எழுதினார். அதைத் தவிர அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அடங்காத கட்டத்துக்குள் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்கள்தாம். வெளிநாட்டுப் படிவம் ஒன்றை நிரப்பிப் பாருங்கள். 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் கட்டாயம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதே நம் அடையாள அட்டையில் உள்ளது. வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம். வேலை நிமித்தமாக ஒரு மாநாட்டுக்குப் போனபோது என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது அப்பாவின் பெயர். மூன்று நாள் எல்லாரும் என்னை அப்பாவின் பெயர் சொல்லி அழைத்தார்கள். அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தடுமாறினேன். ஐபி என்ற கட்டத்தில் பெயர் எழுதியதும் இதுவும் ஒரே வேலைதான்.

தாத்தாவுக்கு இதைவிடக் கடினம். அவர் ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிராணி வைத்திருந்த செக்ரோல் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இருந்தது. எண், பெயர், வந்த நாள், கொண்டுவந்த பாலின் எடை. தாத்தாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. செக்ரோலில் ரூமி எழுத்தில் அது லகரமாக விழுந்தது. அங்கிருந்து அடையாள அட்டைக்குப் போனது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் வேறொருவர் வேறு விதமாக எழுதிவிட்டார். தாத்தாவுக்குச் சேரவேண்டிய பணத்துக்காக அப்பா ஓர் அலுவலகத்தில் நின்றபோது, 'இந்த இருவரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டார்கள். சத்தியப் பிரமாணம் எழுதி, கையெழுத்து வாங்கி, மீண்டும் போய் நின்றார். கிராணியும் கெட்டவர் அல்லர். அவர் கையில் இருந்த எழுத்தில் ழகரத்துக்கு இடமில்லை.

நம் பேரவையின் பழைய மலர்களுக்கும் இந்தத் தொல்லை நேர்ந்தது என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தாலும், அது நம் கணினிகளுக்கு வந்து சேரும்வரை ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு குறிமுறையில் இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்ற குறிமுறைகள் வந்தன. டிஸ்கி ஒரு பக்கம் இருந்தது. பழைய மலர்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற நான் எழுதிய சிறு நிரல்தான் எனக்கு இந்தத் தொழிலில் முதல் பாடம். அங்கே ஓர் நல்ல செய்தி இருந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் மறுபக்கத்தில் ஓர் இடம் இருந்ததால், ழகரம் ழகரமாகவே வந்து சேர்ந்தது. லோட் பேலன்சர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு நிறுவனத்திடம் இருப்பது மற்றொன்றிடம் இருக்காது. பொதுமொழி என்றால் ஏதோ ஒன்று விடுபட்டே தீரும்.

அப்படி விடுபடுவதைத் தாங்கத்தான் அந்த ஏழாவது கட்டம், எக்ஸ்ட்ரா. அதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அதற்குள் என்ன இருக்கும் என்பது டிரைவருக்கு டிரைவர் மாறும். அதில் உள்ளதை நம்பி நிரல் எழுதினால், எந்த நிறுவனத்துக்கும் மாறலாம் என்ற வசதி போய்விடும். அதைத் திறந்தே பார்க்காவிட்டால், அங்கே ஒதுங்கிக் கிடக்கும் உண்மை நம் கண்ணில் படாது. என் குழுவில் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பொதுக் கட்டங்களை வைத்து வேலை செய்யுங்கள், ஆனால் வேலை தொடங்கும் முன் எக்ஸ்ட்ராவை ஒருமுறை முழுக்க அச்சிட்டுப் படியுங்கள். ஐபி கட்டத்தில் இருப்பது எண்ணா பெயரா என்று சோதித்த பிறகே அடுத்தவரிடம் கொடுங்கள். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்றே எழுதுங்கள்.

கணினித் துறையில் படிக்கும் தம்பி தங்கைகள் லிப்கிளவுட்டின் மூலநிரலைப் படித்துப் பார்க்கலாம். அது திறந்த மூலம், காசு வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். லோட் பேலன்சருக்கான அடிப்படைக் கோப்பை ஒரு மாலைப் பொழுதில் வாசித்துவிடலாம். குறை தெரிந்தால் திருத்தி அனுப்பலாம், விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தாலும் அது பங்களிப்புதான். அந்த ஒரு வரி வேறு ஊரில் ஒரு சனிக்கிழமையைக் காப்பாற்றக்கூடும்.

மற்றத் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். பேரவையின் முன்னாள் மாணவர் பதிவேட்டைப் புதிதாக அமைக்கப் போவதாகச் செயலவை சொல்லியிருக்கிறது. அதில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வேண்டாம். அடையாள அட்டையில் உள்ளபடி ரூமியில் முழுப்பெயர் ஒரு கட்டம், தமிழில் அவரே எழுதும் பெயர் ஒரு கட்டம், எப்படி அழைக்கலாம் என்பது ஒரு கட்டம் இருக்கட்டும். உறுப்பினர் எண் ஒருமுறை கொடுத்தால் மாறாமல் இருக்கட்டும், ஆனால் திருமணத்தாலோ விருப்பத்தாலோ பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கட்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விட அனுமதி இருக்கட்டும். கடைசியில் 'வேறு ஏதேனும்' என்று ஓர் இடம் விடுங்கள், அதில் எழுதப்பட்டதை ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் உட்கார்ந்து படியுங்கள்.